முந்நூற்றுப் பன்னிரண்டு வரை

விதி, குடும்பம், நட்பு:
இம்மூன்றும் இந்நாவலில் இயங்குமாற்றை ஆராய்க.
நான்கு பக்கம். நீல மை.
எழுதிப் போட்டுவிட்டுக் கூல்சாத் எஜே
கையிலிருந்த சாக்பீஸ் தூளை
அடுப்பருகே உதறினார்.

நரீன் நகரத்தில் ஜனவரி.
வகுப்பில் பதினாறு பேர், புத்தகம் ஒன்று.
வருகைப் பதிவேட்டு வரிசையில்
ஆளுக்கு இரண்டு இரவு.
பெகிமாய்க்குப் பிறகு நான்.

என்னிடம் வந்தபோது அட்டையில்
யார் வீட்டுச் சூப்போ எண்ணெய் பூத்திருந்தது.
ஓரங்களில் பெகிமாயின் பென்சில்:
இவன் புளுகுகிறான்.
இவளை நம்பாதே.
இந்த இடத்தில் எழுந்துபோய் டீ குடி.

கதை இவ்வளவுதான்.
ஒரு துறைமுக ஊரில் அண்ணனும் தங்கையும்.
ஒன்பதாம் பக்கத்திலேயே சீட்டுக்காரி சொல்லிவிடுகிறாள்
வேலைக்குப் போகிறவன் வீடு திரும்பமாட்டான் என்று.
அந்த ஒரு வாக்கியத்தோடு
முந்நூறு பக்கம் மல்லுக்கு நிற்கிறாள் தங்கை.
திக்குவாய்த் தோழி ஒருத்தி
பனியிலும் சேற்றிலும் கூடவே வருகிறாள்.
ஏன் வருகிறாள் என்று
எழுதியவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டில்
ஆஸ்பத்திரிக் கதவு திறக்கிறது.
அடுத்தது பின்னட்டை.
நடுவில், தைத்த நூலோரம்,
பல் விழுந்த ஈறுபோல
ஐந்து தாள்களின் வேர்.

எங்கள் எர்மெக் அண்ணன்
யெகாதெரின்பர்கில் பதினாறாவது மாடிக்குச் சாரம் கட்டுகிறவன்.
போன் செய்து பத்தொன்பது நாள்.
மாவுக் கையோடு தொட்டுத் தொட்டு
அம்மாவின் போன் திரை வெளுத்திருந்தது.
அப்பா ஒரே ஒருமுறை சொன்னார்:
நெற்றியில் எழுதியதை எச்சில் தொட்டா அழிப்பது?
பிறகு நிலக்கரி அள்ளப் போனார்.
ஒரு வாளிதான் தேவை.
வெகுநேரம் அள்ளினார்.

நான் எழுதினேன்:
தலையெழுத்து என்றால் எழுதிய கை ஒன்று உண்டு.
எழுதுகிற கைக்கு வலிக்கும், தூக்கம் வரும்,
ஒரு சொல் விட்டுப்போகும்.
குடும்பம் என்பது
ஒன்பதாம் பக்கம் எல்லோர் காதிலும் விழுந்திருந்தும்
சாப்பாட்டின்போது உப்பைப் பற்றி மட்டும் பேசுவது.
நட்புக்கு இரண்டு வரிதான் மிஞ்சியது.
பக்கம் தீர்ந்துவிட்டது.
கதவுக்கு அப்பால் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து
ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான்
என்று முடித்தேன்.

ஐந்துக்கு மூன்று.
ஓரத்தில் சிவப்பு மை: சான்று எங்கே?

எனக்கடுத்த தாலாய் போட்டுக்கொடுக்க,
கிழித்தவள் நானென்று
நூலகத்தில் இருநூறு சோம் அபராதம்.

இருபத்து மூன்றாம் நாள் போன் மணி அடித்தது.
ஏப்ரலில் அண்ணனே வந்தான்.
மார்ஷுருட்காவிலிருந்து இறங்கியவன்
இரண்டு பையையும் வலக்கையிலேயே பிடித்திருந்தான்.
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
சீட்டுக்காரி சொன்னது பலித்ததா பொய்த்ததா?
இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

மே மாதம், தேர்வுக்கு முன்,
பெகிமாயிடம் இயற்பியல் புத்தகம் இரவல் கேட்டேன்.
அட்டை போட்டிருந்த செய்தித்தாளுக்குள்
கூடுதலாக ஒரு தடிமன்.
கட்டைவிரலால் எண்ணினேன். ஐந்து.

அவள் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
உன்னிடம் தரவேண்டிய அன்று
பதினேழு நாள் ஆகியிருந்தது.
நீ மேசையில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருந்தாய்.

முடிவு என்ன?

கல்யாணம். ஆடு வெட்டுகிறார்கள்.

பொய் சொன்னால் அவளுக்கு இடது காது சிவக்கும்.
சிவந்தது.

அட்டையை நான் பிரிக்கவில்லை.
அதை மடியில் வைத்து இரவெல்லாம்
நியூட்டனின் மூன்றைப் படித்தேன்.
அவற்றுக்கும் விதி என்றுதான் பெயர்.
கிழித்துப் பார்க்க முடியாதவை.

அபராதத்தில் நூற்றிருபது சோம் தந்துவிட்டாள்.
எண்பது இன்னும் பாக்கி.
கேட்கும்போதெல்லாம்
டீ ஊற்றுகிறாள்.